சம்பளம் மட்டும் போதுமா?

விடியும் முன்பே உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கம்பெனி வேனுக்காக இளைஞர்களும் பெண்களும் காத்திருப்பார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். ஆனாலும் திடீரென்று ஒருநாள், "இனிமே அந்த வேலைக்குப் போகலம்மா" என்று பிள்ளை சொன்னால், வீடே திகைத்துப் போகிறது. 'நல்ல சம்பளமாச்சே, என்ன குறை?'

மனசுக்கும் பசி உண்டு என்கிறார்கள் அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும். அவர்கள் சொல்வது மூன்று தேவைகள். என் வேலையில் என் பேச்சுக்கும் இடம் வேண்டும். இது என்னால் முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். இவர்கள் என் ஆட்கள் என்ற ஒட்டுதல் வேண்டும். இவை கிடைக்காத இடத்தில் வேலையில் பிடிப்பு போய்விடும், மனம் சோர்ந்துவிடும்.

1971-ல் டெசி வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குப் புதிர் விளையாட்டு கொடுத்தார். விடை கண்டுபிடித்ததற்குக் காசு வாங்கியவர்களுக்கு, காசு நின்றதும் புதிர்மேல் இருந்த ஆர்வமும் குறைந்தது. உழைப்புக்கு உரிய கூலி கட்டாயம் வேண்டும். ஆனால், கூலியால் மட்டுமே ஆர்வத்தை வாங்கிவிட முடியாது.

இந்த மூன்று தேவைகளுக்கும் உத்திரமேரூரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் ஏரியை ஊர்ச் சபையின் ஏரி வாரியமே கவனித்தது. வாரியத்துக்கு வருபவர் காரியத்தில் நிபுணராக இருக்க வேண்டும். 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழுந்தன. பேச்சுக்கு இடம், திறமைக்கு மதிப்பு, 'நம்ம ஊர்' என்ற ஒட்டுதல் மூன்றும் அதில் தெரிகின்றன.

குறையும் தெரிகிறது. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அந்த வாய்ப்பு. பெண்களின் பெயரோ, நிலமற்ற உழைப்பாளிகளின் பெயரோ குடத்தில் விழ வழியில்லை.

இன்றைய தொழிற்சாலையிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: யாருடைய ஓலை குடத்துக்குள் விழவில்லை? "இந்த மெஷின்ல என்ன சிரமம்?" என்று சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்டு, பதிலையும் காதில் வாங்கினால், அதுவே நல்ல தொடக்கம்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். வேனிலிருந்து இறங்கும் பிள்ளையிடம் "ஓவர்டைம் எவ்வளவு வந்தது?" என்பதற்கு முன்னால், "இன்னைக்கு உன் பேச்சை யாராவது கேட்டாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.