கறுப்புத் தோலுக்கும் குடை வேண்டும்

"நம் தோல் எந்த வெயிலையும் தாங்கும்" என்ற பேச்சை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள், மாணவர்களே. கறுப்புத் தோலில் மெலனின் அதிகம். தோல் புற்றுநோய் வெள்ளையரைவிட நமக்கு மிகக் குறைவாகவே வருகிறது. அதனால் அந்தப் பேச்சு பொய்யில்லை. ஆனால், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் மாமாவிடமோ அத்தையிடமோ அதைச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

நம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1975-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள், டி செல்கள் பெருகுவதற்கான சமிக்ஞையை அடக்கிவிடுகின்றன. இரத்தத்தில் கலந்த மருந்திடம் 'சிறுநீரகத்துக்கு மட்டும் போ' என்று சொல்ல முடியுமா? அது தோலுக்கும் போகிறது.

தோலை முதல் தற்காப்பு அரண் என்று நான்காம் படிவ உயிரியலில் படிக்கிறோம். வெறும் சுவர் என்று நினைத்துக்கொள்கிறோம். பாடமும் அதற்குமேல் அதிகம் சொல்வதில்லை என்பது என் குறை. அந்தச் சுவருக்குள் காவலர்கள் இருக்கிறார்கள். 1868-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், மேல்தோலில் கிளை கிளையாகக் கைநீட்டி நிற்கும் செல்களைக் கண்டார். அவற்றை நரம்பு செல்கள் என்றே எண்ணினார். அவை நோய் எதிர்ப்புச் செல்கள் என்பது புரிய நூறாண்டுக்கு மேல் ஆனது! கிருமியின் துண்டைப் பிடித்து, நிணநீர் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்லிடம் காட்டுவதுதான் அவற்றின் வேலை.

மாற்று உறுப்பு பெற்றவரின் டி செல்களை மருந்து ஏற்கெனவே அடக்கி வைத்திருக்கிறது. அவர்களின் தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்களின் எண்ணிக்கையும் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. வெயிலின் புற ஊதாக் கதிரும் அதே செல்களைக் குறைக்கிறது. அசாதியோபிரின் என்ற பழைய மருந்தோ, தோல் அந்தக் கதிரால் எளிதில் பாதிக்கப்படும்படி செய்கிறது. விளைவு என்ன? மரு போகாது, படை திரும்பத் திரும்ப வரும், வெயிலில் கெட்டுப்போன செல் தட்டிக்கேட்க ஆளின்றி வளரும். நார்வேயில் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சுமார் 65 மடங்கு அதிகம் வந்தது. (சைக்ளோஸ்போரினைத் தந்த பூஞ்சையும் நார்வே மண்ணில்தான் கிடைத்தது!) அந்த எண் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வெயில் நார்வேயில் இல்லை.

உப்பு, தண்ணீர், இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் இவர்களிடம் ஓயாமல் பேசுகிறோம். தோலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சன்ஸ்கிரீன் என்றால் அழகுப் பொருள், குடை என்றால் மழைக்கு என்றே நினைக்கிறோம். தைப்பூசத்தன்று பத்துமலை வெயிலில் நிற்கும் மாமாவிடம் தொப்பியையும் நீண்ட கைச் சட்டையையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மரு வந்ததற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும். ஆறாத புண்ணோ வளரும் மருவோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தோல் புற்றுநோய் வந்த சிலருக்கு மருந்தை சிரோலிமஸுக்கு மாற்றித் தர அவரால் முடியும்.