சுடு என்றாரா, கத்து என்றாரா?

லிதுவேனிய மொழியில் ‘ஷௌக்’ என்றால் ‘சுடு’. அதே ‘ஷௌக்’ என்றால் ‘கத்து’ என்றும் பொருள். எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. வாயைத் திறந்தால்தான் தெரியும். குரல் தொடக்கத்திலேயே ஓங்கி இறங்கினால் துப்பாக்கி. மெல்லத் தொடங்கிப் பின்பாதியில் அழுந்தினால் கூச்சல்! ‘ஔக்ஷ்டஸ்’ என்ற சொல்லும் இப்படித்தான். ஒரு விதமாகச் சொன்னால் ‘உயரமான’, இன்னொரு விதமாகச் சொன்னால் ‘மாடி’.

இந்த ஏற்ற இறக்கம், சொல்லில் அழுத்தம் விழும் அசையில் மட்டுமே கேட்கும். அழுத்தமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. தலைக்கு ‘கல்வ’, அழுத்தம் கடைசியில். ‘தலையை’ என்றால் ‘கல்வா’. இப்போது அழுத்தம் முன்னால் தாவிவிடும். பெயர்ச்சொற்களுக்கே இதில் நான்கு வகை. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பாவம்தான்.

பக்கத்து நாடான லாட்வியாவின் மொழி இதற்குத் தங்கை முறை. அங்கே அழுத்தம் அநேகமாக எப்போதும் முதல் அசையில்தான். ‘பால்தியெஸ்’ (நன்றி) மாதிரிச் சில சொற்களே விலக்கு. அப்பாடா என்று உட்கார முடியாது. தொனி மூன்று இருக்கிறது: சமம், இறக்கம், உடைவு. உடைவு என்றால் உயிரொலியின் நடுவே தொண்டை ஒரு கணம் இறுகி விடுவது. ‘லுவொக்ஸ்’ என்று சமமாகச் சொன்னால் வெங்காயத்தாள், இறக்கினால் வில், உடைத்தால் ஜன்னல். (ஜன்னலுக்கு மட்டும் எழுத்தில் ‘க்’ கொஞ்சம் வேறு.)

இந்த உடைவு எங்கிருந்து வந்தது? லாட்விய மொழியறிஞர் யானிஸ் எண்ட்ஸெலீன்ஸ் இரு மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லிண்டன் மரத்துக்கு லிதுவேனியத்திலும் லாட்வியத்திலும் ‘லியெபா’தான். லிதுவேனியத்தில் அதன் அழுத்தம் முதல் அசையை விட்டு நகராது. லாட்வியத்தில் அது சமத் தொனி. அழுத்தம் அலையும் ‘தலை’ என்ற சொல்லோ லாட்வியத்தில் உடைந்து ஒலிக்கிறது. லாட்வியத்தில் அழுத்தம் எப்போதோ முதல் அசைக்குக் குடிவந்துவிட்டது. அதற்கு முன் அலைந்து திரிந்ததன் தழும்புதான் அந்தத் தொண்டை இறுக்கம். காலி செய்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை மாதிரி!

கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்தினால் தொனி குழம்பாதா? அதற்கும் வழி இருக்கிறது. லிதுவேனியர் ‘அர்’ என்றும் லாட்வியர் ‘வை’ என்றும் வாக்கியத்தின் தலைப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். நாம் ‘வந்தாயா’ என்று கடைசியில் ‘ஆ’ ஒட்டுவதைப் போல.

மூன்று தொனியும் பிசகாமல் கேட்க வேண்டுமானால் வல்மியெரா ஊர்ப் பக்கம் போக வேண்டும். மேற்கே இறக்கமும் உடைவும் கலந்துவிட்டன. கிழக்கே சமமும் இறக்கமும். தலைநகர் ரீகாவில் பலர் வில்லையும் ஜன்னலையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். தொனிக் குறிகள் அகராதியில் உண்டு. செய்தித்தாளிலோ கதைப் புத்தகத்திலோ கிடையாது.