கேள்விக்கு அஞ்சும் பங்கு

பங்கில் கேள்வி கேட்க இடங்கொடுத்தால் விசுவாசம் ஆட்டங்கண்டுவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். செபமாலையும் நவநாளும் தேர்த்திருவிழாவும் குறைவின்றி நடந்தால் போதும். கேள்வி கேட்பது பிரிந்துபோனவர்களின் வழக்கம் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கதவை அடைத்துவிட்டால் கேள்வி மடிந்துவிடுவதில்லை. கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள கடற்கரை மக்களைக் கேட்டுப் பாருங்கள். 2004 திசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அன்று கடல் ஏன் எழுந்தது என்பதை அறிவியல் விளக்கிவிட்டது. இறைவன் ஏன் வாளாவிருந்தார் என்ற கேள்வியோ இன்னும் பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமலே கிடக்கிறது. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் இரவுப்பணி செய்யும் இளைஞருக்கும், பிற சமயத்தவரை மணந்த பெண்ணுக்கும், தற்கொலையால் மகனை இழந்த தாய்க்கும் கேள்விகள் உண்டு. “எல்லாம் இறைசித்தம்” என்ற ஒரே விடையால் இவர்கள் வாயை அடைப்பது மேய்ப்புப்பணி ஆகுமா?

திருவேங்கடம் என்ற பெயருடன் வேளாளர் குலத்தில் பிறந்து, ஊழியராக இங்கிலாந்து சென்று வந்த வில்லியம் ராபர்ட்ஸ், 1795-இல் சென்னையில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். 1813-இல் புரசைவாக்கத்தில் அதற்குச் சிற்றாலயம் எழுந்தது. இறைவன் ஒருவரே, பின் மூவர் என்பது எங்ஙனம் என்று வினவியவர் அவர். அவர் கண்ட விடை நமது விடையன்று. மூவொரு இறைவனே நம் விசுவாசத்தின் உயிர். ஆயினும் எளிய தமிழர் ஒருவர் தம் மனச்சான்றின் வினாவை மறைக்காமல் பேசிய நேர்மையை நாம் மதிக்கிறோம். மேலைநாடுகளில் அம்மரபில் வளர்ந்த சபைகள் பல, கடவுளைப் பற்றி ஐயமுடையோரையும் வட்டமாக அமர்த்தி, சாவு, துயரம், அறவாழ்வு பற்றி மனந்திறந்து பேசச் செய்கின்றன. பொது விசுவாசம் இல்லாத கூட்டம் நமக்கு முன்மாதிரி ஆகாது. ஆனால் அங்கே கிடைக்கும் செவிசாய்ப்பு, பொது விசுவாசம் உடைய நம்மிடம் ஏன் அரிதாகிவிட்டது?

நமது மரபு கேள்விக்குப் பகையானதன்று. வானதூதரிடமே “எவ்வாறு?” என்று வினவினார் அன்னை மரியா. கடவுளுக்காக வழக்காடிய நண்பர்களைக் கடவுளே கடிந்து, முறையிட்ட யோபுவின் பக்கம் நின்றார். நம் மயிலை மண்ணோடு மரபால் இணைந்த புனித தோமாவைப் பாருங்கள். உயிர்ப்பை நம்ப மறுத்த பின்னும் எட்டு நாள் அவர் சீடர்களோடு இருந்தார். அவரை எவரும் வெளியேற்றவில்லை. ஆகவேதான் ஆண்டவர் மீண்டும் வந்தபோது அவர் அங்கே இருந்தார்! இன்று நாம் ஐயுறுவோரை முதல் நாளே ஒதுக்கிவிட்டால், ஆண்டவர் வரும் எட்டாம் நாளில் அவர்கள் எங்கே இருப்பார்கள்?

மக்களின் துயரும் ஏக்கமும் திருச்சபையின் துயரும் ஏக்கமும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உணர்த்தியது. 2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்ற வழிப்பயணமும் ஒருவருக்கொருவர் செவிசாய்ப்பதையே வற்புறுத்தியது. ஆனால் நம் அன்பியங்களுள் பல, செபம், காணிக்கை, அறிவிப்பு என்பதோடு கலைந்துவிடுகின்றன.

மாதம் ஒருமுறையேனும் அன்பியக் கூட்டத்தைக் கேள்விகளுக்கென ஒதுக்குவோம். கேட்டவரின் பெயர் அவ்வீட்டைத் தாண்டலாகாது. உடனே விடைகூறும் ஆசையை அடக்குவோம். விடை தெரியாத இடத்தில், “தெரியாது, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்ல அருள்பணியாளரும் தயங்கலாகாது. இதனால் பங்கு பிளவுபடும் என்பார்க்கு ஒன்று கூறுவோம்: கேட்டவர்களால் காலியாவதைவிட, கேட்க இடமின்றிப் போனவர்களால்தான் நம் ஆலய இருக்கைகள் மிகுதியாகக் காலியாகின்றன.