பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல: ஷாதிபூரிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போரும் துப்புரவுத் தொழிலாளரும் சேர்ந்த சங்கம்,
ஷாதிபூர், ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்),
தெற்கு அந்தமான்.

பெறுநர்
துணை ஆணையர், தெற்கு அந்தமான் மாவட்டம்
செயலர், நகர்மன்றம்
இயக்குநர், சுகாதாரப் பணிகள்
தொழிலாளர் ஆணையர்

பொருள்: ஆபத்தான துப்புரவு வேலைகளுக்குப் பிளீச்சிங் பவுடரை மட்டும் கொடுத்து ஆட்களை இறக்கும் வழக்கத்தை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் விடியுமுன் வேலைக்கு இறங்குகிறவர்கள். தினக்கூலி மஸ்தூர்கள், ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவர்கள், விடுதிகளிலும் வீடுகளிலும் கழிவறை கழுவும் பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள். மீதிப் பேர் அவர்கள் சுத்தம் செய்யும் தெருக்களில் குடியிருப்பவர்கள். சாக்கடை அடைத்தாலும், செப்டிக் டேங்க் வழிந்தாலும், மழைநீர் புகுந்த வீட்டைக் கழுவினாலும், எங்காவது ரத்தமோ மருந்தோ ஆசிட்டோ கொட்டிக் கிடந்தாலும் எங்கள் ஆட்களிடம் கொடுக்கப்படுவது ஒரே பொருள்தான். அது ஒரு சாக்குப் பிளீச்சிங் பவுடர். பல நேரங்களில் அது வேலையைச் செய்வதற்கான பொருளாக இல்லை. வேலை நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்காகவே இருக்கிறது.

இந்த மனுவை எழுதத் தூண்டிய சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கடந்த மழைக்காலத்தில் எங்கள் உறுப்பினரான ஓர் அம்மா ஒரு தங்கும் விடுதியில் கழிவறை கழுவப் போனார். முந்தின இரவு அங்கே வேலை பார்த்த பையன் கறை போவதற்காக ஆசிட் ஊற்றிவிட்டுப் போயிருந்தான். அது இவருக்குத் தெரியாது. நாற்றம் இருக்கிறதே என்று இரண்டு கை பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தண்ணீர் விட்டார். மஞ்சளும் பச்சையுமாய்ப் புகை கிளம்பியது. கண் எரிய, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். "பால் குடி, சரியாகிவிடும்" என்று சொல்லி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரவில் மூச்சுத்திணறல் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். இப்போதும் மேட்டில் ஏறினால் நின்று நின்றுதான் நடக்கிறார். விடுதியின் பெயரைச் சொல்லிப் பழிதீர்ப்பது எங்கள் நோக்கமல்ல. அந்தப் பையனும் தவறு செய்யவில்லை, அந்த அம்மாவும் தவறு செய்யவில்லை. இரண்டு பேருக்கும் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் எங்கள் முறையீடு.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விபத்தல்ல. 2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து பர்லிங்டனில் ஓர் உணவகத்தில் இதேதான் நடந்தது. தரையில் ஏற்கெனவே அமிலத் திரவம் சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொருவர் அதே தரையைக் கழுவ பிளீச் ஊற்றினார். கிளம்பிய புகைக்கு நடுவே நின்று அதை வெளியே தள்ளப் பார்த்த மேலாளர் இறந்துபோனார். பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். விதிகளும் எச்சரிக்கை வாசகங்களும் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், வாசகமே அச்சிடாத டப்பாவில் பொருள் வாங்கும் எங்கள் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

பிளீச்சிங் பவுடரை நாங்கள் வெறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணறுகளும் தொட்டிகளும் கெட்டுக்கிடந்தபோது குடிநீரைக் காப்பாற்றியது குளோரின்தான். ரத்தம் சிந்திய இடத்துக்கும் அது சரியான பொருளே. முதலில் ரத்தத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, பிறகு ஒரு சதவீதக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் கிருமி சாகும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும் என்பதால், லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் கலந்தால் அந்த வீரியம் கிடைக்கும். இந்த ஓர் அளவைக்கூட எங்கள் ஆட்களுக்கு எவரும் சொன்னதில்லை. "கொஞ்சம் தாராளமாகப் போடு" என்பதுதான் இதுவரை கிடைத்த பயிற்சி.

பிளீச் கிருமியைக் கொல்லும், விஷத்தைக் கொல்லாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். சிறுநீரிலும் அழுகிய மீன் கழிவிலும் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்னும் இன்னொரு நச்சுப்புகை வரும். பக்கத்து ஜங்லிகாட்டில் மீன் கழுவிய நீர் ஓடும் கால்வாயில் பவுடரைத் தூவியவர்களுக்கு அந்தக் காட்டமும் கண்ணெரிச்சலும் தெரியும், பெயர்தான் தெரியாது. மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில் பட்ட இடத்தில் காய்ந்த பவுடரைக் கொட்டினால் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும். பூச்சிமருந்து கொட்டிய இடத்தில் போட்டால் சில மருந்துகள் முன்னைவிடக் கொடிய விஷமாக மாறும். பலகை வீட்டுச் சுவரில் பூத்த பூஞ்சணத்தின் மேல் அடித்தால் மேல்கறை வெளுக்கும். ஈரம் மட்டும் மரத்துக்குள் இறங்கி அடுத்த மாதமே அது திரும்பவும் பூக்கும்.

உடைந்த காய்ச்சல்மானி, டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு காய்ச்சல்மானியில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். முள்ளை முள்ளால் எடுக்கலாம், பாதரசத்தைப் பிளீச்சால் எடுக்க முடியாது. குளோரின் சேர்ந்தால் அது நச்சு உப்பாகிறது, இல்லாவிட்டால் ஆவியாகி அறையில் பரவுகிறது. துடைப்பத்தால் கூட்டினால் துளிகள் இன்னும் சிதறும். சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, ஒட்டும் நாடாவில் மீதியை எடுத்து, மூடியுள்ள புட்டியில் போடவேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

எங்கள் ஊரின் அமைப்பும் ஆபத்தைக் கூட்டுகிறது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தேங்கும். ஷாதிபூரோ மேடும் சரிவுமான பகுதி. மேல்வீட்டுக் கழிவறையில் ஊற்றிய ஆசிட்டும் கீழ்வீட்டு வாசலில் கொட்டிய பவுடரும் சந்திப்பது சாக்கடைக்குள். அந்த நேரத்தில் அங்கே குனிந்து நிற்பது எங்கள் ஆள். பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு குளோரின் சேர்ந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. கைக்குட்டையும் துணி முகக்கவசமும் இந்த வாயுவைத் தடுக்காது.

ஈரம் இன்னொரு சிக்கல். ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை பெய்யும் தீவு இது. பவுடர் கப்பலில் கடல் கடந்து வந்து, கிடங்கில் கிடந்து, பிரித்த சாக்கில் வாரக்கணக்கில் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் பட்டால் பிளீச்சிங் பவுடரின் குளோரின் நாளுக்கு நாள் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆக, கிருமியைக் கொல்லவேண்டிய இடத்தில் வெறும் சுண்ணாம்பைத் தூவுகிறோம். புதிய சாக்கு வந்த அன்று அதே கையளவை அள்ளிப்போட்டு மூச்சுத் திணறுகிறோம். பெரிய மனிதர்கள் வரும் நாளில் சாலையோரம் இதே பவுடரால் போடப்படும் வெள்ளைக் கோட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறோம். மண்ணும் குப்பையும் பட்ட உடனே குளோரின் செயலிழந்துவிடும். அதனால்தான் தெருவிலும் சந்தையிலும் கிருமிநாசினி தெளிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் பரிந்துரைக்கவில்லை. கோலத்துக்காவது ஓர் அழகு உண்டு.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து, குழந்தைகள் உட்பட எல்லார் மேலும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பீய்ச்சியடித்தார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், எந்தச் சூழ்நிலையிலும் மனிதர்கள் மேல் இதைத் தெளிக்கக் கூடாது என்றும், கண், தோல், மூச்சுக்குழாய் பாதிக்கப்படும் என்றும் அறிவுறுத்தியது. மேலே தெளிப்பது தவறு என்றால், நாள் முழுக்க அதற்குள்ளேயே நின்று வேலை செய்வது எப்படிச் சரியாகும் என்று கேட்க விரும்புகிறோம்.

எனவே எங்கள் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக நாங்கள் கேட்பது பயிற்சி. ஒவ்வொரு மஸ்தூருக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும், விடுதித் துப்புரவாளருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் பயிற்சி வேண்டும். எந்த வேலைக்கு எந்தப் பொருள், எந்த அளவு, எதனோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதைப் படம்போட்ட ஓர் அட்டையில் தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளில் அச்சிட்டுத் தரவேண்டும். இந்த ஊரில் ஒரே சாக்கடையில் நான்கு மொழிக்காரர்கள் நின்று வேலை செய்கிறார்கள். ஆசிட் ஊற்றியவர் கதவில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் போகவேண்டும், அடுத்து வருபவர் தண்ணீர்விட்டு நன்றாகக் கழுவிய பிறகே வேறெதையும் தொடவேண்டும் என்ற ஒரு சின்ன விதி இருந்திருந்தால் எங்கள் உறுப்பினர் இன்று மேட்டில் மூச்சு வாங்கமாட்டார்.

சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆள் இறங்குவதைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 தீர்ப்பில், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாகவும், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சமாகவும் உயர்த்தியது. இழப்பீடு எங்களுக்கு வேண்டாம், உறிஞ்சு வண்டி வேண்டும். ஷாதிபூரின் குறுகிய சந்துகளுக்குள் பெரிய லாரி வராது. நீளமான குழாயுள்ள சிறிய வண்டியாகத் தரவேண்டுகிறோம். டேங்கில் பவுடரைக் கொட்டி நாற்றம் அடக்கிவிட்டு ஆளை இறக்கும் வழக்கத்துக்குத் தனியாகத் தடையாணை வேண்டும். பிளீச் நாற்றத்தைத்தான் மறைக்கும். உள்ளே தேங்கிய வாயு அப்படியே இருக்கும், நாற்றம் இல்லாததால் ஆள் தைரியமாக இறங்குவார்.

முழங்கைவரை ரப்பர் கையுறை, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, கம்பூட், அமில வாயுவைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகக்கவசம் ஆகியவை ஆளுக்கொன்று வேண்டும். "அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டால் தருவோம்" என்பது போதாது. கோடையில் குழாய்த் தண்ணீர் முறைவைத்து வரும் ஊர் இது. குளோரின் பட்ட கண்ணைப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும் என்கிறார்கள். எந்தத் தண்ணீரில்? வேலைக்குப் போகும் ஒவ்வொரு குழுவோடும் 20 லிட்டர் கேன் ஒன்று போகட்டும்.

பவுடரைப் பெரிய சாக்கில் வாங்காமல், தயாரித்த தேதி அச்சிட்ட சிறிய மூடிய பொட்டலங்களாக வாங்கவேண்டும். கப்பலில் வந்திறங்கியதும் ஒருமுறையும் கிடங்கில் மாதம் ஒருமுறையும் குளோரின் அளவைச் சோதித்து, முடிவைக் கிடங்கு வாசலில் ஒட்டவேண்டும்.

உடைந்த காய்ச்சல்மானி, பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து, பூச்சிமருந்து டப்பா ஆகியவை வீட்டு அபாயக் கழிவு என்றும், அவற்றுக்குத் தனிச் சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. ஷாதிபூருக்கும் ஜங்லிகாட்டுக்கும் பொதுவாக, நடந்துபோகும் தூரத்தில் ஒரு மையம் கேட்கிறோம். எங்கள் சங்கத்துப் பெண்கள் வீடுவீடாகப் போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறார்கள்.

குளோரின் சுவாசித்தவருக்கு மாற்றுமருந்து கிடையாது. சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டு, பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறுவதும் உண்டு. ஆகவே புகைபட்ட எவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையில் ஓரிரவாவது கண்காணிப்பில் வைக்கவேண்டும். அந்த நாட்களுக்கான கூலியையும் தரவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தவேண்டும் என்பதை ஒப்பந்தப் படிவத்திலேயே எழுதவேண்டும். இதுவரை இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பதிவேடு எதையும் நாங்கள் கண்டதில்லை. இனியாவது ஒன்று தொடங்குங்கள். முதல் வரியில் எங்கள் உறுப்பினரின் சம்பவத்தை எழுதிக்கொள்ள அவர் சம்மதித்திருக்கிறார்.

முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தந்து, எங்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் ஆட்களுக்குக் காலை வேலை முடியப் பதினொரு மணி ஆகும், அதற்குமேல் நேரம் குறித்தால் எல்லாரும் வரமுடியும். பிரித்துப் பல நாளான சாக்கிலிருந்து ஒரு டப்பா பவுடரை எடுத்துவருகிறோம். சோதிக்கும் கருவியைத் தாங்கள் கொண்டுவர ஏற்பாடு செய்யவேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
ஷாதிபூர்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பங்களும் கைநாட்டுகளும், மருத்துவமனைச் சீட்டின் நகல்.