சண்டைக்கு முன் வருகிற பாட்டு

இடைவேளை மணி அடித்தால் எங்கள் பெடியன்களுக்கு ரெஸ்லிங்தான். ஒருவன் கண்ணை மேலே செருகிக்கொண்டு அண்டர்டேக்கர் ஆகிறான், மற்றவன் 'டாங்' என்று மணிச் சத்தம் கொடுக்கிறான். கழுத்து முறியும் என்று ஆசிரியர்கள் நாங்கள் கத்துகிறோம். நியாயமான பயம்தான். ஆனால் அடி விழமுன்னரே யார் கெட்டவன் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ரிங்குக்கு வரும்போது போடுகிற பாட்டும் பக்கத்தில் நிற்கிற மனேஜரும். அதை நாங்கள் கவனிப்பதில்லை.

முஹம்மத் ஹசன் என்று டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் ஒருவர் 2004 கடைசியில் வந்தார். பாங்கோசையை ஞாபகப்படுத்துகிற ஒரு இழுப்போடு அவருடைய பாட்டு தொடங்கும், சனம் உடனே கூவும். நடித்தவர் மார்க் கோபானி, இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். மனேஜர் தைவாரி ஈரானிய வம்சாவளி, மைக்கில் திட்டியது பாரசீகத்தில். கூவுகிற சனத்துக்கு அதெல்லாம் ஒன்றுதான். 2005 ஜூலை 4 பதிவில் ஹசன் முழந்தாளிட்டுத் தொழுவதுபோல் காட்ட, முகமூடிக்காரர்கள் வந்து அண்டர்டேக்கரின் கழுத்தை நெரித்தார்கள். அது ஒளிபரப்பான 7ஆம் திகதிதான் லண்டனில் குண்டுகள் வெடித்து 52 பேர் இறந்தார்கள். தொலைக்காட்சி நிறுவனம் இனி அவர் வேண்டாம் என்றது. அதே மாதம் 24ஆம் திகதி அண்டர்டேக்கரிடம் தோற்கவைத்து அனுப்பிவிட்டார்கள். தொழுகையைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று எழுதியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

(கோபானி பிறகு ஆசிரியராகி, பாடசாலை அதிபரும் ஆனார். எங்கள் ஆள்!)

பழைய கதைதானே என்பீர்கள். அந்தக் காட்சிகள் யூடியூபில் இன்னும் கிடக்கின்றன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தாடிக்கும் பர்தாவுக்கும் சோதனைச் சாவடியில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிற வன்னியில், விளையாட்டில் கெட்டவன் வேடம் எப்போதும் தொப்பி போட்டவனுக்கே போகக்கூடாது.

சமி ஸெய்னையும் காட்டுங்கள். கனடாவில் பிறந்த சிரிய வம்சாவளி முஸ்லிம். அவருடைய பாட்டு வந்தால் சனம் கைதட்டிச் சேர்ந்து பாடும், அவரும் ஆடிக்கொண்டு வருவார். 2024 ரெஸ்ல்மேனியாவில் குந்தரை வென்று பட்டம் எடுத்தபோது அரங்கமே எழும்பி நின்றது.

தடை போட்டுப் பிரயோசனமில்லை, போன் வீட்டில்தான் இருக்கிறது. உம்மாமார், வாப்பாமார், அம்மா அப்பாமார் ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். சண்டை தொடங்கமுன் அந்தப் பாட்டை நிற்பாட்டி, 'இவரை ஏன் உனக்குப் பிடிக்கவில்லை?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். வகுப்பில் நாங்களும் கேட்கிறோம்.