மாஸ் லாபத்துக்குத் திரும்பியது. பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

வீட்டுப் பெரியவங்க இன்னும் 'மாஸ்' என்றுதான் சொல்வாங்க. அந்த மலேசியா ஏர்லைன்ஸை நடத்தும் குழுமம் 2023இல் 766 மில்லியன் ரிங்கிட் நிகர லாபம் காட்டியது. அடுத்த ஆண்டே அது 54 மில்லியனாகச் சுருங்கியது. நஷ்டம் இல்லைதான். ஆனா கொண்டாட இன்னும் நேரம் இருக்கு.

ஏன் அப்படிச் சொல்றோம்? கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்க. 1994இல் மாஸின் 32 விழுக்காட்டுப் பங்குகள், ஒரு பங்கு 8 ரிங்கிட் என்று தனியாருக்குக் கைமாறின. 2000ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்கம் அவற்றைத் திரும்ப வாங்கியது, அதே 8 ரிங்கிட்டுக்கு! அப்போதைய சந்தை விலை அதில் பாதிகூட இல்லை.

2014இல் இரண்டு பேரிடர்களுக்குப் பிறகு கசானா நேஷனல் நிறுவனத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு, 6 பில்லியன் ரிங்கிட் மீட்புத் திட்டத்தை அறிவித்தது. சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேருக்கு வேலை போனது. கோவிட் வந்ததும் 2021இல் மறுபடியும் கடன் சீரமைப்பு, மறுபடியும் கசானாவின் பணம். கசானா பணம் என்றால் கடைசியில் நாட்டு மக்களின் சொத்துதான். உங்களுடையதும் அதில் இருக்கு.

இதே கோவிட் காலத்தில் தாய்லாந்து வேறு வழியில் போனது. 2020 மே மாதம் அந்நாட்டு நிதியமைச்சு, தாய் ஏர்வேஸில் தன் பங்கை 50 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கியது. அத்துடன் அது சட்டப்படி 'அரசு நிறுவனம்' இல்லை. அதுவரை புது விமானம் வாங்கணும்னாகூட அமைச்சரவையிடம் போகணும். அதற்குப் பிறகு திவால் நீதிமன்றமும் கடன் கொடுத்தவர்களும் கணக்குக் கேட்டாங்க. ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. அரசு நிறுவனத் தொழிலாளர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பும் போச்சு. 2025 ஆகஸ்டில் தாய் ஏர்வேஸ் பங்குச்சந்தைக்குத் திரும்பியது.

இந்தோனேசியாவின் கருடாவும் நீதிமன்றம் போனது. 2022இல் சுமார் 10 பில்லியன் டாலர் கடன் பாதியாகக் குறைந்தது. ஆனா அரசாங்கத்தின் பிடி விடவில்லை. 2025இல் அரசு முதலீட்டு நிறுவனமான டானந்தாரா, 405 மில்லியன் டாலர் கடன் கொடுக்க வேண்டி வந்தது.

அப்போ விற்றுவிட்டால் சரியாகிவிடுமா? 1994ஐ மறந்துடாதீங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பாதிக்கும் மேல் தெமாசெக் வசம்தான். ஆகவே உரிமையாளர் யார் என்பதைவிட, 'இனிமேல் பணம் கிடையாது' என்று சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. சபா, சரவாக் உட்புறங்களுக்குப் பறக்கும் சின்ன விமானங்கள் லாபம் தராது; ஆனா பாரியோ மாதிரி ஊர்களுக்கு ஆஸ்பத்திரி வழியே அதுதான். அந்தச் செலவை அரசாங்கம் தனி மானியமாகக் கொடுக்கிறது. அது மீட்புப் பணம் ஆகாது. இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீங்க.