தோற்ற பிள்ளையைத் திட்டாதீர்!

நூறில் ஒரு பங்கு வினாடி! கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதில் கை நழுவிப் போனது ஒலிம்பிக் பதக்கம்.

1984 ஆகஸ்டு மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். பெண்கள் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் இறுதிப் போட்டி. மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41 வினாடி. நம் பி.டி.உஷாவுக்கு 55.42. அப்போது அவருக்கு வயது 20. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அத்தோடு மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. பயிற்சியாளர் நம்பியாருடன் மறுபடியும் மைதானத்தில் இறங்கினார். 1985-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம்! அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் நாலு தங்கம்!

லாஸ் ஏஞ்சல்ஸ் அவருக்கு முதல் தோல்வியும் அல்ல. 1980-ல் 16 வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போய், முதல் சுற்றிலேயே வெளியேறியவர்தான். தோல்வியைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பழகியிருந்தார். பிற்காலத்தில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

இதை இப்போது எதற்குச் சொல்கிறோம்? நம் ஊர்ப் பள்ளி விளையாட்டு விழாக்களைப் போய்ப் பாருங்கள். நாலாவதாக வந்த பையன் மூச்சு வாங்க நிற்பான். தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. "ஓடி ஓடி என்னத்தைக் கண்டே? போய்ப் புஸ்தகத்தை எடு!" என்ற ஏச்சுதான் கிடைக்கும். மறுநாளே விளையாட்டு கட். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பள்ளிக்கூடமும் சேர்ந்துகொள்ளும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார்.

செய்தி சேகரிக்கப் போகிற காவல் நிலையங்களில் வேறொரு காட்சி. மார்க் குறைந்துபோச்சு, அப்பா அடிப்பார் என்று வீட்டைவிட்டு ஓடிவந்த பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். தோற்றால் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜெயிக்க மட்டும்தான் சொன்னார்கள்!

தோல்வி தானாக யாரையும் தேற்றிவிடாது. தோற்ற மறுநாள் காலை மறுபடியும் மைதானத்துக்குப் போகிறானே, அந்த நடைதான் தேற்றும். அப்படி நடந்து பழகியவனுக்கு நாளைக்குப் பரீட்சை போனாலும், வேலை கிடைக்காவிட்டாலும், கடையில் நஷ்டம் வந்தாலும் உலகம் இருண்டுவிடாது. "சரி, அடுத்தது என்ன?" என்று எழுந்து நிற்பான்.

பெற்றோர்களே! தோற்று வந்த பிள்ளைக்கு முதலில் சோறு போடுங்கள். காலை ஐந்தரை மணிக்கு எழுப்பி மைதானத்துக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடங்களே! வாங்கிய பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்.

கோப்பை வராமல் போகலாம். பிள்ளை நிமிர்ந்து நிற்பான். அது போதாதா?